வெள்ளத்தைக் கேட்டு வகுத்த பயணம்

என் குருத்துவ வெள்ளி விழா முடிந்த மறுநாள், வெளிநாட்டில் பணிபுரியும் என் தங்கை மகன், "மாமா, நீங்கள் காண விரும்பும் இடம் ஒன்றைச் சொல்லுங்கள், செலவு என்னுடையது" என்றான். உரோமை என்றோ எருசலேம் என்றோ விடை வரும் என எதிர்பார்த்தான் போலும். நான் கூறியதோ, "பந்தனால்!"

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து, நாரைகளை எண்ணியே இளமைப் பொழுதைக் கழித்தவன் நான். உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலச் சதுப்பு வெளியைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஆசை, குருமட நூலகத்தில் நிலப்படச் சுவடியைப் புரட்டிய நாளில் என்னுள் விழுந்த விதை. பயணத்தை வகுக்கும் பொறுப்பையும் அவன் என்னிடமே ஒப்படைத்தான். வகுக்க அமர்ந்த பின்னரே அது எத்துணைக் கடினம் என்பது விளங்கிற்று.

தென் அமெரிக்காவின் நடுவே, பெரும்பகுதி பிரேசிலிலும், எஞ்சியது பொலிவியா, பராகுவே நாடுகளிலுமாகப் பரந்து கிடக்கிறது பந்தனால். பிரேசிலில் அடங்கிய பகுதி மட்டுமே ஏறத்தாழ 1,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதையும் அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் பிறக்கும் ஆறுகள் இச்சமவெளியில் இறங்கி, பராகுவே ஆற்றோடு கலக்கின்றன. நிலமோ தாம்பாளம் போன்று தட்டையானது. வடக்கிலிருந்து தெற்கே கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டரே சரிவு. ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் மழைநீர் ஓடுவதில்லை, தவழ்கிறது. வடக்கே வெள்ளம் வடியத் தொடங்கிப் பல வாரங்கள் சென்ற பின்னர், மே, ஜூன் மாதங்களில்தான் தெற்கே கொரும்பா நகரருகே ஆறு வழக்கமாக உச்சத்தை எட்டும். மழை நின்ற வானத்தின் கீழ் வெள்ளம் உயரும் விந்தை இது!

எனவே, எம்மாதம் செல்வது என்னும் வினாவே இப்பயணத்தின் தலையாய வினா. ஜூலை முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நீர் வற்ற வற்ற, மீன்கள் குட்டைகளில் சிறைப்படும். அவற்றை நாடி நாரைகளும் கொக்குகளும் திரளும். கெய்மான் என்னும் முதலைகள் கரையெங்கும் விறகுக்கட்டைகளைப் போல் அடுக்கிக் கிடக்கும். எலியினத்துள் உலகிலேயே பெரியதாகிய காப்பிபரா கூட்டங்கூட்டமாக மேயும். இவற்றை வேட்டையாட, சிறுத்தையினும் பருத்த உடல்வாகுடைய ஜாகுவார் பட்டப்பகலில் ஆற்றங்கரைக்கு வரும். அதைக் காண்பதற்குப் பெயர்பெற்ற இடம் வடக்கேயுள்ள போர்த்தோ ஜோஃப்ரி. குயாபா நகரிலிருந்து போக்கோனே சென்று, அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் கடந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் மண்சாலையில் செல்ல வேண்டும். 1970களில் கொரும்பா வரை அமைக்கத் திட்டமிடப்பட்ட அச்சாலை, போர்த்தோ ஜோஃப்ரியில் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் படகுதான்.

"அப்படியானால் ஆகஸ்டில் செல்வோம், ஜாகுவாரைப் பார்க்காமல் திரும்பக்கூடாது" என்றான் மருமகன்.

குருமடத்தில் என்னோடு பயின்று, இன்று பிரேசிலில் மறைபணி ஆற்றும் நண்பர் ஒருவருக்கு இதுபற்றி எழுதினேன். அவர் விடுத்த மறுமொழி எங்கள் கணக்கைக் கலைத்தது. விலங்குகளை எளிதில் காட்டும் அதே மாதங்களே தீயின் மாதங்களும் ஆகும் என்று அவர் எழுதியிருந்தார். 2020ஆம் ஆண்டு வறட்சியில் மூண்ட தீயினால் பந்தனாலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கருகியது. போர்த்தோ ஜோஃப்ரியை அடுத்து, ஜாகுவார்களுக்கென ஒதுக்கப்பெற்ற பூங்காவின் பெரும்பகுதியும் எரிந்தது. மேய்ச்சலுக்காகவும் பிற காரணங்களுக்காகவும் மனிதர் வைக்கும் நெருப்பே பெரும்பாலும் தொடக்கம். வெள்ளம் நிறைந்திருந்த ஆண்டுகளில் அது தானே அடங்கிற்று. வெள்ளம் பொய்த்த ஆண்டுகளில் மண்ணுக்கடியிலுள்ள மட்கிய தழைகளிலும் புகுந்து பல நாள் கனன்றது. ஆறுகள் பிறக்கும் மேட்டு நிலங்களில் காடு அழிந்து, சோயாவும் புல்வெளியும் பெருகியிருப்பதும் நீரின் வரத்தைப் பாதிக்கிறது.

நான் மனம் மாறினேன். ஜூன் இறுதியில், நீர் நிறைந்திருக்கும் தெற்குப் பகுதிக்குச் செல்வோம் என்றேன். அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஜூன் 23ஆம் நாள் இரவு, கொரும்பா நகர மக்கள் புனித ஸ்நாபக அருளப்பரின் சுரூபத்தை அலங்கரித்த சிறு சப்பரங்களில் ஏந்தி, செங்குத்தான தெரு வழியே பாட்டோடு இறங்கி, பராகுவே ஆற்றில் நீராட்டுகின்றனர். யோர்தானில் திருமுழுக்கு அளித்தவருக்கு மக்கள் அளிக்கும் முழுக்கு! 2021இல் பிரேசில் அரசு இவ்விழாவை நாட்டின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

ஆனால், 2024ஆம் ஆண்டு அவ்விழாவின்போது எடுக்கப்பட்ட படத்தையும் நண்பர் அனுப்பியிருந்தார். இக்கரையில் விளக்குகளும் மக்கள் கூட்டமும். அக்கரையில் வானமெங்கும் சிவக்க எரியும் தீ. ஜூனிலேயே! அவ்வாண்டு அக்டோபரில், அருகிலுள்ள லதாரியோவில் 1900 முதல் அளக்கப்பட்டு வரும் ஆற்றின் நீர்மட்டம், அதுவரை காணாத தாழ்நிலையை அடைந்தது. அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீராட்ட ஆறு இல்லையேல் அருளப்பர் எங்கே இறங்குவார்?

அன்றுமுதல் எங்கள் திட்டத்திற்கு ஆறே தலைவன். ஜூன் மூன்றாம் வாரம் என்று நாள் குறித்துள்ளோம். எனினும் மாற்றிக்கொள்ளத்தக்க பயணச்சீட்டே வாங்குவோம். ஏப்ரலில் நீர்மட்டச் செய்தி கேட்டு உறுதி செய்வோம். சான் பவுலோவிலிருந்து விமானத்தில் காம்ப்போ கிராண்டி. அங்கிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டர் கொரும்பா. இடையில் மிராண்டா பகுதியில் நான்கு நாள் தங்கல்.

இவ்வழியே செல்ல எண்ணுவோர் மறக்கலாகாதவை சில. இந்தியர்க்குப் பிரேசில் விசா வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். அச்சான்றின்றித் தாயகம் திரும்பினால் விமான நிலையத்திலேயே தடுத்து வைப்பர். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இவ்வூசி போடப்படுகிறது. அறுபதைக் கடந்தோர் மருத்துவரைக் கேட்டே போட்டுக்கொள்க. வெப்பநாடு என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை விட்டுச் செல்லாதீர்; ஜூனில் தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென வீசும். மொழிக்கு அஞ்ச வேண்டா: ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி ஆகியவை போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களே!

விலங்கு பார்க்க இத்துணைச் செலவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டேன். பந்தனாலின் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணைகள். கன்றைக் கவர்ந்த ஜாகுவாரைச் சுட்டுக் கொல்வது பண்ணையாரின் நெடுநாள் வழக்கம். பண்ணைகள் பல இன்று விருந்தினரை ஏற்கும் விடுதிகளாகவும் விளங்குகின்றன. வடபகுதியைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, ஜாகுவாரைக் காண வருவோரால் கிட்டும் வருவாய், அது கொல்லும் மாடுகளின் விலையைப் போல் பன்மடங்கு என்று காட்டிற்று. உயிருள்ள விலங்கு பயன் தருவதைக் கண்ட கை, துப்பாக்கியைத் தாழ்த்துகிறது. பிரேசில் ஆயர்களும் தவக்காலந்தோறும் நடத்தும் சகோதரத்துவ இயக்கத்தில், 2017ஆம் ஆண்டுக்குரிய பொருளாக நாட்டின் இயற்கை மண்டலங்களைப் பேணுதலையே வைத்தனர்; அம்மண்டலங்களுள் பந்தனாலும் ஒன்று.

சென்ற வாரம் தொலைபேசியில் மருமகன் கேட்டான்: "மாமா, ஜூனில் வெள்ளம் விரிந்து கிடக்கும், ஜாகுவார் கண்ணில் படாமலே போகலாமே?"

"படாமலே போகட்டும், நீலப் பெருங்கிளியையும், செங்கழுத்து ஜபிரு நாரையையும் கண்டு திரும்புவோம். நாம் பார்க்காவிட்டாலும் அது அங்கே உயிரோடு இருக்கும். நாம் கொடுக்கும் விடுதி வாடகையில் அதற்கும் ஒரு பங்குண்டு" என்றேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "சரி மாமா, ஜூனே இருக்கட்டும்" என்றான்.