வானத்துக்குக் காத்திருப்போர் சங்கம்!

செல்போனில் ‘டிங்’ என்று ஒரு செய்தி. சூரியனில் வெடிப்பு, காந்தப் புயல் பூமியைத் தொட்டாச்சு, அளவு ஜி-4! நீங்கள் இருப்பது நார்வேயின் ட்ரோம்சோ. நாளைக் காலையில் ஃப்ளைட். கையில் மிச்சம் ஒரே ஒரு ராத்திரி. ஆசை ஆசையாய் ஜன்னலைத் திறந்தால்... வானம் முழுக்க மேகம்!

இப்போ என்ன பண்ணுவீங்க? போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம். இல்லாவிட்டால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் வண்டியை விடலாம். வட ஒளி பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி என்றைக்காவது ஒரு ராத்திரி வந்தே தீரும். பதில் சொல்வதற்கு முன்னாடி, அந்த ஊரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இன்னும் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே போனால் ட்ரோம்சோ. ஒரு தீவு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். யூனிவர்சிட்டி இருப்பதால் எங்கே பார்த்தாலும் ஸ்டூடன்ட்ஸ். கேபிள் காரில் ஏறினால் 421 மீட்டர் உயரத்தில் இருந்து மொத்த ஊரும் மினுமினுக்கும். நவம்பர் கடைசியில் காணாமல் போகும் சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். இந்த ஊர் பேப்பர் ஒன்றின் பெயரே ‘நூர்லிஸ்’. அர்த்தம்? வட ஒளி! அந்த அளவுக்கு இங்கே அது வீட்டு ஆள் மாதிரி.

இவ்வளவு வடக்கே இருந்தும் குளிர் ரொம்ப மோசமில்லை. ஜனவரியிலும் சராசரி மைனஸ் 4 டிகிரிதான். அட்லான்டிக் கடலில் இருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் புண்ணியம் அது. ஆனால், அதே கடல்தான் மேகத்தையும் கொண்டுவந்து கொட்டுகிறது. வில்லன் யார் என்று புரிந்ததா?

சரி, புயல் எப்படி வருகிறது? சூரியன் சில சமயம் கோடிக்கணக்கான டன் மின் துகள்களை, காந்தப்புலத்தோடு சேர்த்துத் துப்பும். அது பூமிக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். புயல் பலமா, பிசுபிசுப்பா என்பது அதன் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கதவு திறந்துகொள்ளும். வடக்கு என்றால், ‘ஸாரி பாஸ், இன்னிக்கு லீவு!’

இதைத் துல்லியமாக அளப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்கள். அங்கே புயல் தொட்டபின் நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு மணி நேர அவகாசம். 2024 ஜனவரி 6 அன்று நம் ஆதித்யா எல்-1 போய்ச் சேர்ந்ததும் அதே ஏரியாவுக்குத்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்பது நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் சமாச்சாரம்!

புயல் பெரிதாக இருந்தால் போதும் என்று மட்டும் நினைக்காதீங்க. 2024 மே 10. இருபது வருஷத்தில் வராத ஜி-5 புயல், 2003 அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவை! ஐரோப்பாவின் தெற்கு வரை வானம் சிவந்தது. லடாக்கின் ஹான்லே வானாய்வுக்கூடக் கேமராக்களில்கூட சிவப்பு ஒளி பதிவானது. ஆனால் வட ஒளியின் தலைநகரான ட்ரோம்சோவில்? மே மாதத்தில் அங்கே நள்ளிரவிலும் இருட்டே கிடையாது. விருந்து நடந்தது என்னவோ தலைக்கு மேலேதான், ஆனால் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை!

இந்த ஊருக்குப் புயலே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. துருவத்தைச் சுற்றியிருக்கும் ஒளி வளையத்தின் நேர்கீழே இருக்கிறது ட்ரோம்சோ. 0 முதல் 9 வரை போகும் கே.பி. எண் வெறும் 1, 2 என்று இருந்தாலே ஒளி வரும். பெரும்புயலில் வளையம் தெற்கே விரிந்துவிடுவதால், அன்றைக்கு மட்டும் தெற்குப் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

ஆக, அந்த ராத்திரியில் நீங்கள் துரத்த வேண்டியது மேகம் இல்லாத இடத்தை. இங்கத்திய கைடுகளின் ரகசியமும் இதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு கடலை விட்டு உள்ளே, ஷிபோட்ன் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடுவார்கள். லிங்கன் மலைத்தொடர் மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் தெளிவு. யூனிவர்சிட்டியின் வானாய்வுக்கூடம் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் மேகமா? பார்டர் தாண்டி ஃபின்லாந்தின் கில்பிஸ்யார்வி! ட்ரோம்சோவிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல். அங்கே குளிர் மைனஸ் 20 வரை இறங்கி, மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும்.

முதலில் தெரிவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில், மேகம் மாதிரி ஒரு பட்டை. ‘இதுக்கா இவ்வளவு தூரம்?’ என்று வண்டிக்குள் போய்விடாதீர்கள். அதன் ஊடே நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், அதுதான் இது! செல்போனில் ஒரு க்ளிக் அடித்தால் பச்சை காட்டிக்கொடுத்துவிடும். கேமராவுக்குத் தெரியும் கலர், இருட்டில் நம் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று பட்டை பிரகாசமாகி, திரைச்சீலை காற்றில் ஆடுவதுபோல மடிந்து மடிந்து ஓடும். 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் தரும் பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் தரும் சிவப்பு. கீழ் விளிம்பில் நைட்ரஜனின் ஊதா. சில நிமிஷம்தான். மறுபடி அமைதி.

இந்தப் பகுதியின் பூர்வகுடிகள் பெயர் சாமி. நம்ம ஊர் சாமி இல்லீங்க, சாமி இன மக்கள்! வட ஒளியைப் பார்த்து விசில் அடிக்கக்கூடாது, அது இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. பயம் ஒருவிதத்தில் நியாயம்தான். 1989 மார்ச்சில் இதே மாதிரி ஒரு புயல், கனடாவின் க்யூபெக்கில் 60 லட்சம் பேரை 9 மணி நேரம் கரன்ட் இல்லாமல் உட்கார வைத்தது!

கிளம்புமுன் கவனிங்க!

* செப்டம்பரில் இருந்து மார்ச் வரை சீசன். ஒரு ராத்திரியை நம்பிப் போகாதீர்கள், நாலைந்து ராத்திரியாவது ஒதுக்குங்கள்.

* முதலில் மேக நிலவரம் பாருங்கள், அப்புறம் புயல் நிலவரம்.

* சாயங்காலம் 6 மணியில் இருந்து நள்ளிரவு தாண்டி 1 மணி வரை விழித்திருங்கள்.

* குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். செல்போன் உள்பாக்கெட்டில் இருக்கட்டும்.

* பார்டர் தாண்ட வாய்ப்பு உண்டு. பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

* ஒளி வந்ததும் ரெண்டு போட்டோ போதும். அப்புறம் போனை உள்ளே வைத்துவிட்டு, சும்மா அண்ணாந்து பாருங்க பாஸ்!