பாயிரமும் முன்னோட்டமும்

நூலுக்கு முகமாய் நிற்பது பாயிரம் என்பது தமிழிலக்கண மரபு. நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது நுதலிய பொருள், கேட்போர், கேட்டதனால் விளையும் பயன் என்பனவற்றை முற்கூட்டியே உரைத்தல் சிறப்புப்பாயிரத்தின் கடனாகும். அதனை உரைத்தற்குரியோர் யாவர் என்பதையும் நன்னூல் வரையறுத்துள்ளது. நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்னும் நால்வரே அவர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது இவ்வரையறைக்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் இதனுள் அடங்கியிருக்கக் காணலாம். இந்நால்வரும் நூலை நன்கறிந்தோர். ஆதலின் தாம் உரைத்ததற்குப் பொறுப்பேற்க வல்லோர்.

இன்றைய தொலைக்காட்சிக்கும் ஒரு பாயிரம் உண்டு. புதிய தொடர் ஒன்று ஒளிபரப்பாவதற்குப் பல வாரங்கள் முன்னரே, ஏனைய நிகழ்ச்சிகளின் இடையிடையே தோன்றி மறையும் முன்னோட்டமே அது. நகைச்சுவைத் தொடரின் முன்னோட்டம் இரண்டொரு நகைச்சுவைகளைச் சொல்லிக் காட்டுகின்றது. குடும்பக் கதையின் முன்னோட்டம் அக்குடும்பத்தை அறிமுகம் செய்கின்றது. இவை பண்டத்தின் மாதிரியைக் காட்டி விற்பவை. மர்மத் தொடரின் முன்னோட்டமோ பண்டத்தை மறைத்து விற்கின்றது. நுதலிய பொருளைக் கூறாதிருத்தலே அதன் இலக்கணம்.

மறைத்தற்கு அது கையாளும் உத்திகள் சிலவே. அரைச் செக்கனும் நில்லாது மாறும் காட்சிகள், கடிகார ஒலி அல்லது இதயத் துடிப்பு, திடீரென விழும் மௌனம், இருண்ட திரையில் வெண்ணிறத்தில் எழுதப்பட்ட ஒரு வினா, இறுதியில் ஒளிபரப்பாகும் நாளும் நேரமும். ஒரு காட்சியிற் கேட்கப்பட்ட கேள்விக்கு வேறொரு காட்சியில் வரும் முகபாவம் விடையாக ஒட்டப்படுவதும் உண்டு. இவை யாவும் சேர்ந்து இரசிகனின் உள்ளத்தில் ஒரு குறையை உண்டாக்குகின்றன. அக்குறையை நிறைவு செய்து கொள்ளவே அவன் குறித்த இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்கின்றான். ஆகவே இம்முன்னோட்டம் விற்பது கதையை அன்று, வினாவையே எனலாம்.

இவ்வினாவைத் தொடுப்பவர் யார் என்பது இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்க வலையமைப்புகளில் நெடுங்காலம் நிலவிய முறையின்படி, புதிய தொடரின் முதல் அங்கம் மாத்திரம் முதலில் தயாரிக்கப்படும்; மே மாதத்தில் அது விளம்பரதாரருக்குக் காட்டப்படும்; இலையுதிர் காலத்தில் ஒளிபரப்பு ஆரம்பமாகும். முன்னோட்டத்தை ஆக்குபவர் கதாசிரியர் அல்லர். வலையமைப்பின் விளம்பரப் பிரிவினர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அம்முதல் அங்கமே. அதாவது, நூலின் முதல் இயல் மாத்திரம் எழுதப்பட்ட நிலையில், அதனை எழுதாத ஒருவரால் பாயிரம் பாடப்படுகின்றது. வாக்குக் கொடுப்பவர் ஒருவர். அதனைக் காப்பாற்ற வேண்டியவர் வேறொருவர். மர்மத் தொடர்கள் பலவற்றின் வாழ்வும் வீழ்ச்சியும் இவ்விடைவெளியிலேயே தீர்மானமாகியுள்ளன.

வினாவின் விற்பனை ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது சீ.பீ.எஸ். வலையமைப்பின் ‘டலஸ்’ ஆகும். 1980 மார்ச் 21 இல் ஒளிபரப்பான அங்கத்தின் முடிவில் ஜே.ஆர். என்னும் எண்ணெய்ச் செல்வன் சுடப்பட்டான். சுட்டவர் யார் என்னும் வினா எட்டு மாதங்கள் நீடித்தது. நடிகர் வேலைநிறுத்தம் அதனை மேலும் நீட்டியது. நவம்பர் 21 இல் விடை வெளியானபோது அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி 30 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். ஆயினும் ‘டலஸ்’ 1978 இலேயே தொடங்கியது என்பது மறக்கப்படலாகாது. ஜே.ஆரின் வஞ்சகத்தையும் அவனால் வஞ்சிக்கப்பட்டோரையும் இரசிகர் இரண்டு ஆண்டுகளாக அறிந்திருந்தனர். சுட்டவள் அவன் மனைவியின் தங்கை என்பது தெரிந்த பின்னும் தொடர் பல்லாண்டு நீடித்தது. மனிதர் முன்னரும் வினா பின்னரும் வந்தமையே அதற்குக் காரணம்.

விளம்பரப் பிரிவினர் இவ்வெற்றியிலிருந்து வினாவை மாத்திரமே கற்றுக்கொண்டனர் போலும். 1990 ஏப்ரல் 8 இல் ஏ.பீ.சீ. வலையமைப்பு ‘ருவின் பீக்ஸ்’ தொடரை ஆரம்பித்தபோது, லோறா பாமரைக் கொன்றவர் யார் என்பதே நாடெங்கும் பேச்சாயிற்று. முதல் அங்கத்தை ஏறத்தாழ 3 கோடி 50 இலட்சம் பேர் கண்டனர். தொடரை ஆக்கிய டேவிட் லிஞ்சும் மார்க் ஃபுரொஸ்ரும் படைக்க விரும்பியது ஒரு சிற்றூரின் கனவுகளையும் இருளையும். அவ்வூரினுள் நுழைவதற்கான வாயிலே கொலை. வாயிலையே வீடென்று விற்றதன் விளைவாக, விடை எங்கே என்னும் கூக்குரல் எழுந்தது. வலையமைப்பின் நெருக்குதலால் அவ்வாண்டு நவம்பரில் கொலைஞன் வெளிப்படுத்தப்பட்டான். அதன் பின் இரசிகர் கலைந்தனர். 1991 ஜூனில் தொடர் முடிவுற்றது. அவ்விடையை வெளியிடத் தாம் விரும்பியிருக்கவில்லை என்று லிஞ்ச் பிற்காலத்திற் கூறினார். இங்கு இழப்பு இரசிகனுக்கு மாத்திரம் அன்று, கலைஞனுக்கும் ஆகும். பிறர் பட்ட கடனை அவன் தன் படைப்பைக் கொண்டு தீர்க்க நேர்ந்தது.

2009 இல் இந்நெறி தன் எல்லையைத் தொட்டது. ஏ.பீ.சீ. வலையமைப்பின் புகழ் பெற்ற தொடரான ‘லொஸ்ற்’ ஒளிபரப்பாகும் வேளையில், இடையே சில செக்கன்களுக்கு, நீ கண்டது என்ன என்னும் கேள்வி தோன்றி மறைந்தது. இதுவே ‘பிளாஷ்போவேர்ட்’ தொடரின் முன்னோட்டம். ரொபேட் சோயரின் 1999 ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய அக்கதையில் உலக மாந்தர் ஒரே கணத்தில் நினைவிழந்து, 2 நிமிடம் 17 செக்கன் கழித்து விழிக்கின்றனர். 2010 ஏப்ரல் 29 இல் தமக்கு நேரவிருப்பதை அவ்விடைவேளையில் அவர்கள் கண்டுள்ளனர். கருப்பொருளின் அழகை மறுத்தற்கில்லை. செப்ரெம்பர் 24 இல் முதல் அங்கத்தை 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். ஆனால் வினாவுக்காக வந்தவர்கள் அங்கு தாம் நேசிக்கத்தக்க மனிதரைக் காணவில்லை, வாரந்தோறும் குறைந்தனர். 22 அங்கங்களுடன் 2010 மே மாதத்தில் தொடர் நின்றது. அதன் இறுதிக் காட்சி புதியதொரு வினாவை எழுப்பியது. விடை கூறுவதற்குத் தொடர் இல்லை.

இவற்றுக்கு மாறாக, 2001 நவம்பர் 6 இல் பொக்ஸ் வலையமைப்பில் தொடங்கிய ‘24’ வேறொரு வகையில் தன்னை விற்றது. ஒரு பருவம் ஒரு நாள். ஓர் அங்கம் அந்நாளின் ஒரு மணித்தியாலம். திரையில் ஓடும் கடிகாரம். இது வினா அன்று, விதி. இருபத்து நான்கு வாரமும் காப்பாற்றத்தக்க வாக்குறுதி அது. சித்திரவதையை எளிய தீர்வாகக் காட்டியதென்னும் கண்டனத்துக்கு அத்தொடர் ஆளாயிற்று, அக்கண்டனம் நியாயமானதே. எனினும் முன்னோட்டம் சொன்னதைத் தொடர் செய்தது. 2010 வரை எட்டுப் பருவங்கள் அது நிலைத்தது.

ஒரு பருவம் முழுவதையும் ஒரே நாளில் வெளியிடும் இணையச் சேவைகள் பெருகிய பின்னர், வாரக்கணக்கிற் காத்திருக்கும் நிலை ஓரளவு மாறியுள்ளது. முன்னோட்டத்தின் இயல்போ மாறவில்லை. அது இன்றும் விடையைக் காட்டாது வினாவையே காட்டுகின்றது.

இரசிகன் இழப்பது சில மாலைப் பொழுதுகள் தானே எனக் கூறுதல் எளிது. அவன் உண்மையில் இழப்பது, ஒரு கதையைப் பொறுமையுடன் தொடர்ந்து செல்லும் மனத்தை. விடையின்றிக் கைவிடப்பட்டவன் அடுத்த தொடரை ஐயத்துடன் அணுகுகின்றான். இது முடியுமட்டும் பார்க்கலாம் என விலகியும் நிற்கின்றான். அவன் விலகி நிற்பதனாலேயே நல்ல தொடரும் பாதியில் மடிகின்றது. அவனை மீண்டும் இழுக்க, அடுத்த முன்னோட்டம் இன்னும் உரத்த குரலிற் கூவ வேண்டியதாகின்றது.

மறைத்தல் மர்மக் கதையின் உயிர். அதனை எவரும் குறை கூறார். ஆயின் மறைப்பதற்கு உள்ளே ஒன்று இருத்தல் வேண்டும். அது இன்னதென மறைப்பவன் அறிந்திருத்தலும் வேண்டும். பாயிரம் உரைப்போன் நூலை அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்னும் பழைய மரபு, தொலைக்காட்சிக்கும் பொருந்தாத மரபு அன்று.