எந்த ஒகேனக்கல் பழைய ஒகேனக்கல்?

பல வருடம் கழித்து ஒகேனக்கல் அருவிக்குப் போய் வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "முன்ன மாதிரி இல்லீங்க." பாறையைப் பிடித்து இறங்கிய இடங்களில் கான்கிரீட் படியும் கம்பித் தடுப்பும் வந்துவிட்டன. விடுமுறை நாளென்றால் பென்னாகரம் சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. எண்ணெய்க் குளியல் முடிந்த பாறைகளில் ஷாம்பு பாக்கெட்டுகளும் காலி எண்ணெய் பாட்டில்களும் கிடக்கின்றன. சொல்லும் குறை எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த வருத்தத்துக்குள் ஆராயாத ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. இயற்கையாக இருந்த ஓர் இடத்தை இப்போதுதான் யாரோ வந்து கெடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அது. நாம் முதன்முதலில் பார்த்த ஒகேனக்கல்லையே ஆதி ஒகேனக்கல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் காவிரியில் இந்த அருவிக்கு மேலே கிருஷ்ணராஜசாகர் அணைக்கு 1911-இலேயே வேலை தொடங்கிவிட்டது. கீழே மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 1974-இல் கபினி அணையும் சேர்ந்துகொண்டது. 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டைப் பார்த்து 1992-இல் எத்தனையோ பேர் இந்த அருவிமேல் ஆசைப்பட்டார்கள். அந்தப் பாட்டில் கொட்டுகிற தண்ணீரும் கர்நாடக அணைகளைத் தாண்டி வந்த தண்ணீர்தான். இன்று மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆற்றை அளக்கிறார்கள். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்து சேர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. ஆகவே, அருவி எவ்வளவு கொட்டும் என்பதை மழையோடு மதகும் வழக்கும் சேர்ந்து தீர்மானித்துப் பல காலம் ஆகிவிட்டது. நம் தாத்தாக்கள் குளித்த அருவியும் மனிதக் கை பட்ட அருவிதான்.

அப்படியானால் இனி எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கலாம். கூடாது. ஆனால் அதை மறுக்க 'பழையது நல்லது' என்ற அளவுகோல் உதவாது. எது யாருக்காக வந்தது என்று பார்க்க வேண்டும். ஒகேனக்கல் இருக்கும் தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக்கறை ஏறியது. பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகின. அதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பைக் கடந்து, ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் போகிறது. ஆற்றோரம் நிற்கும் நீரேற்று நிலையம் சுற்றுலாப் பயணியின் கண்ணை உறுத்தலாம். ஆனால் வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் பென்னாகரத்துப் பெண்ணிடம் அதை அழகு கெட்ட கதையாகச் சொல்ல முடியாது. பெண்கள் உடை மாற்றும் அறை, கழிப்பறை, பரிசலில் உயிர்காப்பு அங்கி ஆகியவையும் இந்த வகைதான். இவையெல்லாம் இல்லாத காலத்தை ரசிக்க, அந்தச் சிரமத்தைப் படாதவர்களால்தான் முடியும்.

வந்த கூட்டத்துக்கு மேலும் கூட்டம் சேர்க்கவே பாறைமேல் எழும் கட்டுமானத்தின் கதை வேறு. கூட்டம்தானே அங்கே சோறு போடுகிறது என்று இதற்கு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். பரிசல் ஓட்டுகிறவர், மசாஜ் செய்கிறவர், நாம் வாங்கிக் கொடுக்கும் மீனை மசாலா தடவிக் குழம்பும் வறுவலுமாக்கித் தரும் பெண்கள் எல்லாருக்கும் வருகிற ஆள்தான் வருமானம். நீர்வரத்து கூடி, குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டால் அன்றைய கூலி போயிற்று. ஆனால் இவர்கள் யாரும் கட்டடத்தை நம்பிப் பிழைக்கவில்லை. மூங்கிலைப் பின்னி, அடியில் தார் பூசிய பரிசலை வெள்ளம் வந்தால் தலைமேல் தூக்கிக் கரையேற்றிவிடலாம். கான்கிரீட்டைத் தூக்க முடியாது. அது வெள்ளத்தில் நின்று அடிவாங்கும். உடைந்த பிறகும் கம்பியும் கல்லுமாக ஆற்றிலேயே கிடக்கும். கூட்டம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வண்டிகளை மேலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து பஸ் விடலாம். சோப்பையும் ஷாம்புவையும் ஆற்றில் இறங்கவிடாமல் தடுக்கலாம். இதனால் யாருடைய அடுப்பும் அணையாது. நாறுகிற ஆற்றங்கரைக்கு யாரும் மீன் சாப்பிட வரமாட்டார்கள் என்பதால், அவர்கள் பிழைப்புக்கும் இதுவே காவல்.

எனவே ஒகேனக்கல்லில் வரும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். அங்கே வாழ்கிறவர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் அதனால் நிஜமான தேவை ஏதாவது தீர்கிறதா? தவறென்று தெரிந்தால் ஆற்றுக்குச் சேதமில்லாமல் அதை எடுத்துவிட முடியுமா? குடிநீர்த் திட்டத்தை எளிதில் எடுக்க முடியாது. ஆனால் அது தீர்க்கும் தேவை பெரியது. தேவையும் சிறிது, எடுக்கவும் முடியாது என்றால் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனஉயிரின சரணாலயமாக 2022-இல் அறிவித்த அரசுக்கு, எல்லை போடத் தெரியாமலில்லை. காட்டுக்குப் போட்ட எல்லையை அருவிப் பாறைக்கும் போடட்டும்.