ஏழு சீற் மின்சார வான்: குடும்பத்துக்குச் சரிவருமா?

தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கும்போது இப்போது அடிக்கடி வருகிற கேள்வி: "அண்ணை, உந்தக் கரண்ட் வான் எப்பிடி? எங்களுக்குச் சரிவருமா?" வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிமுடிக்க ஏலாது. அதனால் இங்கே எழுதுகிறேன். விலையும் சட்டமும் பிரித்தானியாக் கணக்கு. மற்றது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நாங்கள் லண்டனில் ஆறு பேர். நானும் மனைவியும், மூன்று பிள்ளைகள், என்னுடைய அம்மா. ஒரு காரில் ஐந்து பேர்தான் போகலாம் என்பதால், எங்கே போனாலும் இரண்டு கார். அம்மா என்னோடு, பிள்ளைகள் மூன்று பேரும் மனைவியோடு, ஆங்கிலத்தில் சண்டை பிடித்தபடி. இரண்டையும் கொடுத்துவிட்டு, பாவித்த ஏழு சீற் மின்சார வான் ஒன்றை வாங்கினோம். சாமான் ஏற்றுகிற வானின் உடம்பில் ஜன்னலும் சீற்றும் வைத்த வகை. பற்றரி 50 கிலோவாட் மணி. புதிதாக வந்தபோது சொல்லப்பட்ட தூரம் 174 மைல்.

முதலில் நல்லதைச் சொல்லுகிறேன். பக்கக் கதவு இழுத்துத் திறப்பது. நெருக்கமான கார் பார்க்கில் பிள்ளைகள் பக்கத்துக் காரில் கதவை இடிப்பார்களோ என்ற பயம் போய்விட்டது. சீற் உயரமாக இருப்பதால், முழங்கால் வருத்தம் உள்ள அம்மா குனியாமல் இருந்துகொண்டு காலை உள்ளே எடுப்பா. நடு வரிசையில் மூன்று தனிச் சீற். மூன்றிலும் பிள்ளைகளின் கார் சீற்றைப் பூட்டலாம். 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை அது இங்கே சட்டம். மூன்று பிள்ளைக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஸ்கிரீன். வானில் எல்லாரும் அப்பம்மாவோடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலும் இல்லை. அம்மா சொல்வது கடைசி வரிசைக்கும் கேட்கும். ஊரில் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன கதையைச் சொல்லுவா. "மிதிபலகை எண்டா என்ன அப்பம்மா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். இரண்டு காரில் போன காலத்தில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

இனிக் கஷ்டங்கள். கோடையில் ஊருக்குள் ஓடினால் எங்களுக்கு 150 மைல் அளவில் வரும். குளிர் காலத்தில் ஆறு பேரோடு, ஹீற்றரும் போட்டு, மோட்டர்வேயில் 70இல் போனால் 110 மைல்தான். பெற்றோல் கார், எஞ்சினின் வீண் சூட்டிலேயே உள்ளே சூடாக்கிவிடும். மின்சார வான் அதற்கும் பற்றரியைத்தான் தொட வேண்டும். அதோடு இது பெட்டி மாதிரி உருவம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்; 70ஐ 60 ஆக்கினாலே அது கால்வாசிக்கு மேல் குறையும்.

மான்செஸ்டரில் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு. டிசம்பர் மாதம், கிட்டத்தட்ட 200 மைல். தாய்மாமன் நான், நல்ல நேரம் தப்பக்கூடாது என்று முதல் நாளே வெளிக்கிட்டோம். இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். 20இல் இருந்து 80 வீதம் ஏற அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும். ஓரிடத்தில் எங்களுக்கு முன்னால் மூன்று கார். சார்ஜர் ஒரு மூலையில், ரொய்லெற் மறு மூலையில், நடுவில் மழை. அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு வந்து வரிசையில் நின்றேன். நாலு மணித்தியாலப் பயணம் ஆறாச்சு.

மூன்றாம் வரிசையை விரித்தால் டிக்கியில் இரண்டு சின்னப் பெட்டிதான் வைக்கலாம். நாங்கள் அதில் ஒரு சீற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். கூரையில் பெட்டி கட்டினால் தூரம் இன்னும் குறையும். மூன்றாம் வரிசைக்கு ஏறுவதும் பிள்ளைகளால்தான் முடியும். இரண்டு வயசானவர்கள் உள்ள வீட்டுக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

காசுக் கணக்கு நீங்கள் எங்கே சார்ஜ் ஏத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. இரவில் வீட்டில், மின்சாரக் காருக்கான கட்டணத் திட்டத்தில், ஒரு யூனிட் 10 பென்சுக்குள் எடுக்கலாம். மோட்டர்வேயில் அது 70 பென்சைத் தாண்டும். வற் வரியும் வீட்டில் 5 வீதம், வெளியே 20 வீதம். வாசலில் கார் நிறுத்த இடமில்லாத பிளாட்டில் இருந்தால் லாபம் பெரிதாக இராது. வொக்ஸ்வாகன் ஐடி பஸ்ஸின் நீள வடிவத்தில் ஏழு சீற்றும் 86 கிலோவாட் மணிப் பற்றரியும் உண்டு. ஆனால் புதிதாக எடுத்தால் 60,000 பவுண் அளவில் போகும்.

ஒரு மாதம் எங்கெங்கே ஓடினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம், கோயில், டான்ஸ் கிளாஸ், கடை எல்லாம் சேர்த்து கிழமைக்கு 120 மைல். தூரப் பயணம் வருடத்தில் நாலைந்து. அந்த நாலைந்துக்காக மற்ற எல்லா நாளும் டீசல் அடிக்க எனக்கு விருப்பமில்லை. மிகவும் அவசரமென்றால் வாடகை வான் இருக்கிறது. உங்கள் குடும்பம் மாதம் இரண்டு தரம் பேர்மிங்ஹாமுக்கோ லெஸ்டருக்கோ ஓடுகிறதென்றால், 50 கிலோவாட் மணிப் பற்றரி காணாது.

வாங்கமுதல் வீட்டில் வயசான ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தரம் ஏறி, இருந்து, இறங்கிப் பார்க்கட்டும்.