மூன்றாவது தடவை

2025 ஏப்ரல் 26 ஆம் திகதி உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகின. மகள் தொலைபேசியைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அதை என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். உயிரியல் ஏ, இரசாயனவியல் பி, பௌதிகவியல் பி. கீழே நான்கு தசம தானங்களோடு இசட் புள்ளி. அதற்கு முந்திய வருடம் அம்பாறை மாவட்டத்திற்கு மருத்துவ பீடம் கேட்ட வெட்டுப்புள்ளி எனக்கு மனப்பாடம். இரண்டாவது தசம தானத்தில் குறைந்திருந்தது.

இது அவளுக்கு இரண்டாவது தடவை. முதற்தடவை 2024 ஜனவரியில் எழுதியபோது இடைவெளி பெரிது; யாரும் அதிகம் கவலைப்படவில்லை. இரண்டாவது தடவைதான் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது உயர்தரப் பிள்ளை உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரிந்த விடயம். ஆகவே எங்கள் வீட்டில் இனி ஒரு தடவைதான் மிச்சம்.

மையித்து வீட்டுக்கு வருவதுபோல மஃரிபுக்குப் பிறகு உறவினர் வந்தார்கள். எல்லோரிடமும் ஒரு சமாதானம் இருந்தது: வெள்ளம். அது பொய்யும் அல்ல. 2024 நவம்பர் 25 இல் பரீட்சை தொடங்கியது. மறுநாள் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. அன்றிரவு சாய்ந்தமருதில் உறங்கியவர்கள் குறைவு. பரீட்சையை நிறுத்தினார்கள், டிசம்பர் 4 இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். இடைப்பட்ட நாட்களில் எங்கள் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர். மகள் கட்டிலின் மேல் கொப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாமல் மெழுகுதிரியில் படித்தாள்.

"வெள்ளம் வராட்டி புள்ள எடுத்திருக்கும்" என்றார் என் மச்சான். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. முப்பத்தைந்து வருடமாக நான் என்னைப் பற்றிச் சொல்லி வருவதும் அதைத்தான். வெள்ளம் என்ற இடத்தில் 1990 என்று போட்டால் சரி.

என் காலத்தில் நான்கு பாடங்கள்: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் வெடித்தபின் எங்கள் பக்கம் இரவு என்பது படிக்கிற நேரமாக இருக்கவில்லை. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றபின், ஊர் ஆண்கள் இரவில் விழித்திருந்து காவல் நின்றோம். நான் எழுதிய பரீட்சை சரிவரவில்லை. இன்னும் எழுதலாம் என்று இருந்தும் எழுதவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் "90 இல்லாட்டி நான் டொக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். கேட்டவர்களும் நம்பினார்கள். நான் எந்தப் பாடத்தில் எதை விட்டேன் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அடுத்த சில நாட்கள் ஆலோசனைகளிலேயே போயின. மச்சான் ஒரு முகவரின் இலக்கத்தோடு வந்தார். பங்களாதேஷ், சீனா, ரஷ்யா. எங்களுக்கு வளத்தாப்பிட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அதை விற்றால் ஆரம்பச் செலவுக்காவது காணும் என்பது அவர் கணக்கு. முடித்துவிட்டு வந்தாலும் இங்கே பதிவதற்கு மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதை அந்த முகவர் கடைசியாகத்தான் சொன்னாராம். என் மனைவிக்கு வேறு கவலை. "புள்ளைக்கி இருவது வயசாகிட்டு. அந்த வயல்தான் அவட வீட்டுக்கு எண்டு வெச்ச" என்றாள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற எங்கள் பகுதியில் ஒரு தாய் இப்படிக் கணக்குப் பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. வீடும் படிப்பும் ஒரே வயலிலிருந்து வரவேண்டும் என்பதுதான் எங்கள் நடுத்தரக் குடும்பங்களின் நிலை.

நான் என் பங்குக்கு கண்டியில் விடுதி விசாரித்தேன். பெயர் பெற்ற பௌதிகவியல் வகுப்புகள் அங்கே உண்டு. இன்னும் நல்ல வகுப்பு, இன்னும் கூடுதலான வகுப்பு. ஆசிரியனான எனக்கு வேறு மருந்து தெரியவில்லை.

இதற்கிடையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பப் படிவம் வந்தது. உண்மையான தீர்மானம் அந்தப் படிவத்தில்தான் இருந்தது. விரும்பும் கற்கைநெறிகளை ஒழுங்கில் நிரப்ப வேண்டும். கிடைத்ததில் பதிந்துவிட்டால் பிறகு இன்னொரு பெறுபேற்றைக் கொண்டு விண்ணப்பிக்க இடமில்லை. ஒன்றையும் போடாமல் விட்டு மூன்றாவது தடவையும் தவறினால், கையில் இருந்ததும் போய்விடும். அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியோ மாதங்கள் கழித்துத்தான் வரும். அதுவரைக்கும் காத்திருந்து படிப்பைத் தொடங்க முடியாது. கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமலே மறுபடி முதலாம் பக்கத்தைத் திறக்க வேண்டும். இந்த அவஸ்தையை அனுபவித்த பிள்ளைகளுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். மருத்துவத்திற்குக் கீழே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் யூனானியைப் போடலாம். அது எங்களுக்கு அந்நியமான துறை அல்ல. என் மூத்தவாப்பாவே கைராசியான பரிசாரி. ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு படிவத்தோடு மகளின் அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"வெள்ளம் வராம இருந்தா" என்று தொடங்கினேன்.

"வெள்ளம் எல்லாருக்கும்தானே வாப்பா வந்த. மாவட்டக் கோட்டாவுல என்னோட நிண்ட புள்ளையளும் இதே தண்ணிக்குள்ளதான் இருந்த."

நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டம் என்று பிறருடைய பிள்ளைகளுக்கு வருடாவருடம் விளக்கம் சொல்கிறவன் நான். என் சொந்தப் பிள்ளை சொன்ன இந்தச் சிறிய கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. கண்டிப் பிள்ளையோடு ஒப்பிடும்போது வெள்ளம் ஒரு நியாயம். பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒப்பிடும்போது அது நியாயமே அல்ல.

அவள் ஒரு கொப்பியை நீட்டினாள். பெறுபேறு வந்த மூன்றாம் நாளிலிருந்து, தான் எழுதிய வினாத்தாள்களை மீண்டும் எழுதி, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள். பௌதிகவியலில் தெரியாத கேள்வி மிகக் குறைவு. ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இவள் சிலவற்றில் ஆறு, ஏழு நிமிடம் நின்றிருக்கிறாள். கடைசிப் பதினொன்றை வாசிக்காமலே அடையாளமிட்டிருக்கிறாள். இரண்டாம் பத்திரத்தில் ஒரு கட்டுரை வினா பாதியில் நின்றது. "எனக்குப் பாடம் தெரியும் வாப்பா. விடத் தெரியா" என்றாள். ஒரு கணக்கு வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவளால் முடியவில்லையாம். இதற்குக் கண்டி வகுப்பு என்ன செய்யும்? அங்கே இன்னும் பாடம் சொல்லித் தருவார்கள்.

யூனானியைப் பற்றிக் கேட்டேன்.

"டொக்டர் கிடைக்கல்ல, சரி யூனானி எண்டு போனா, அத விரும்பிப் படிக்க வாற புள்ளைட இடத்தையெல்லோ நான் எடுக்கிற. நிய்யத்து ஒண்டு, இருக்கிற இடம் இன்னொண்டா?"

வயலைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "வயல வித்து அனுப்பினா எனக்கு அங்க தோக்கவும் ஏலா வாப்பா. அந்தப் பயத்தோட என்னால படிக்க ஏலா."

படிவத்தில் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டை மட்டும் நிரப்பினாள். மூன்றாவது தடவையும் கிடைக்காவிட்டால் தாதியியல் பட்டப்படிப்பு. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் தனக்கு வேண்டும், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் அழக்கூடாது என்றாள். என் மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நீண்ட நேரம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், இவள் டொக்டராக வேண்டும் என்று இத்தனை வருடமும் நான் கேட்ட துஆக்களில் எத்தனை அவளுக்காக, எத்தனை 1990 க்காக என்று அன்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

வகுப்புகளில் இரண்டை நிறுத்தினாள். சுபஹுக்குப் பிறகு சமையலறை மணிக்கூட்டை மேசையில் வைத்து ஒரு கடந்தகால வினாத்தாள். இரண்டு நிமிடத்தில் பிடிபடாத கேள்விக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் வாரங்களில் வட்டம் போடும்போது அவள் கை நடுங்கியதைக் கண்டேன். காவல் நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. வருகிற உறவினரை முற்றத்தோடு அனுப்பிவிடுவேன். மச்சானுக்கு அதில் இன்னும் கோபம்.

2025 நவம்பர் 10 இல் பரீட்சை தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் மண்சரிவும் வெள்ளமும். பரீட்சையை இந்த வருடமும் நடுவில் நிறுத்தினார்கள். எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. செய்தியைக் கேட்டதும் எனக்குக் கால் ஓடவில்லை. அறை வாசலில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மகள், சோதினைய நிப்பாட்டிட்டாங்களாம்" என்றேன்.

அவள் வினாத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எல்லாருக்கும்தானே வாப்பா?"

ஓம் என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்றாள்.