அண்ணனின் பேரேடு

அண்ணனுக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். முப்பது வருஷமாக வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதிப் பழகிய கை. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு உடம்பையும் அவர் பேரேடாகத்தான் பார்க்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்ததோ ஒரே வரி: தினம் நாற்பத்தஞ்சு நிமிஷம் நடை, பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. அதாவது, நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாடுகிற அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

அண்ணனுக்கு இதில் திருப்தியில்லை. இலக்கம் இல்லாத கணக்கு என்ன கணக்கு? சென்னையிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம்தான் இப்போது அவருக்குக் கணக்குப்பிள்ளை. தெப்பக்குளத்தைச் சுற்றி முடித்ததும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். "எம்புட்டுடா எரிஞ்சிருக்கு?" என்று என்னிடம் வேறு கேட்பார், கண்ணாடி போடாததால்.

எரிகிறது என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகப்படும். ஆனால் அளவு நெருப்பிலிருந்து வந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் வெப்பம்தான் நாம் பேச்சு வழக்கில் சொல்லும் ஒரு கலோரி. உடம்பில் அந்த நெருப்பை ஆக்சிஜனை வைத்து அளக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி போகும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எட்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே.

அண்ணன் எண்பது கிலோ. நாற்பத்தஞ்சு நிமிஷ நடைக்கு 210 கலோரி வரும். அதே ஆள் இருபது நிமிஷம் ஓடினால் 220. கைபேசியில் யாரோ ஒருவர் கத்திக்கொண்டே சொன்ன காணொளியைப் பார்த்துவிட்டு, "இருபது நிமிஷத்துல முடியுற வேலைக்கு எதுக்குடா முக்கால் மணி நேரம்?" என்று அவர் கேட்டபோது, கணக்குப்படி பார்த்தால் தப்பென்று சொல்ல முடியவில்லை. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் வேகம்தான் ஜெயிக்கும்.

தூரத்தை வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி, மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும். எண்பது கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 400 பக்கம் வரும். அரை மணி நேரத்தில் முடித்தாலும் சரி, முப்பத்தேழு நிமிஷம் எடுத்தாலும் சரி. வேகம் மிச்சப்படுத்துவது நேரத்தை மட்டும்தான். நடையில் அப்படியில்லை. வேகம் ஏற ஏற ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை கூடிக்கொண்டே போகும். மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டரைத் தொடும்போது கால் தானாகவே ஓடப் பார்க்கும், ஏனென்றால் அந்த வேகத்தில் நடப்பதைவிட ஓடுவதே சிக்கனம். உடம்பும் நல்ல வியாபாரிதான்.

ஓடி முடித்த பிறகும் எரிந்துகொண்டே இருக்குமாம் என்று இன்னொரு பேச்சு. உண்மைதான், ஆனால் சில்லறை. பெரும்பாலும் பயிற்சியில் செலவானதில் பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தாண்டாது. அதை நம்பி உளுந்தவடை எடுத்தால் நஷ்டம். ஒரு வடையே நூறு கலோரிக்கு மேலே. நடையின் 210-லும் அறுபது, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும். மிச்சம் 150. ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால் ஐம்பது நாளுக்கு மேல் நடக்க வேண்டும், சாப்பாட்டில் ஒரு கவளம் கூடாமல். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் கொள்முதல் விலை ஏறியதைக் கேட்டது போல ஆகிவிட்டது.

அந்த வாரமே ஒரு நாள் நான் வருவதற்கு முன்னால் தனியாகப் போய் ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது குளத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல." நாலு நிமிஷம் நான் நின்றிருப்பேன். எனக்கு அது நாலு மணி நேரம். அவர் தேறியதும் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்: துடிப்பு 104. பார்ப்பவர்கள் நிதானம் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கேதான் சிக்கல். அவர் சாப்பிடுவது இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை. 220-இல் வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. துடிப்பைப் பார்த்துக் கலோரி போடும் கடிகாரத்துக்கு மாத்திரை விஷயம் தெரியாது; குறைவாகத் துடித்தால் குறைவாகத்தான் எழுதும். அவரோ இலக்கம் ஏறவில்லையே என்று இன்னும் வேகம் கூட்டியிருக்கிறார். மாத்திரை இல்லாதவர்களுக்கே அது நம்பகமில்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே சொல்லின; கலோரியில், இருப்பதிலேயே சுமாரானது சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93.

மதினி அன்றைக்கே கடிகாரத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அண்ணனுக்கு நான் லண்டன் பஸ் கதையைச் சொன்னேன். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்டது. ஒரே மாடி பஸ்ஸில் ஓட்டுனர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துனர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். ஓட்டுனர்களைவிட நடத்துனர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு. ஒல்லியாக இருந்ததால்தானோ என்ற சந்தேகம் வந்தது. சீருடைக்கு எடுத்த கால்சட்டை அளவுகளை எல்லாம் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டுனர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனாலும் ஒரே இடுப்பளவுக்காரர்களை ஒப்பிட்டபோதும் நடத்துனர்களே தப்பித்தார்கள். எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கு வரவு உண்டு, பேரேட்டில்தான் அதற்குப் பத்தி கிடையாது.

"டிக்கெட் கிழிக்கிறவன் ஓடவா செஞ்சான்?" என்றார்.

"இல்லண்ணே. ஏறி இறங்குனான். தினமும்."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த ஆட்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஷிஃப்ட், சம்பளம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார். பேசிக்கொண்டே மூன்று சுற்று முடித்திருந்தோம்.