கோடிட்ட இடத்தை நிரப்புக

சுவர் இதழுக்கு எல்லாரும் கவிதை, விடுகதை, பொன்மொழி என்று எழுதித் தருகிறீர்கள். எனக்கு அதெல்லாம் வராது. போன இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு வேலை செய்யணும். அது என்ன வேலை என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த வருடம் நமக்குப் பத்தாம் வகுப்பு. பெயர், பிறந்த தேதி, இனிஷியல் எல்லாம் இப்போதே சரிபார்த்துவிடலாம் என்று எங்கள் டீச்சர் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் கேட்டார்கள். அம்மா பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்ததை நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இதுல உன் பேரு எங்கம்மா?"

பிறந்த தேதி இருந்தது. பெண் என்று இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம் காரைக்கால், எல்லாம் இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. பின்பெஞ்சில் இருந்து ஒருவன், "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று சத்தமாகச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயரே 'கோடிட்ட இடம்' ஆகிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் சாயங்காலம் நண்டலாற்றுப் பாலத்தில் தனியாக நடக்கும்போது அழுகை வந்துவிட்டது.

வீட்டில் கேட்டதற்கு அம்மா சொன்ன காரணம் இது. பிறப்பை 21 நாளுக்குள் பதியணும். ஆஸ்பத்திரியில் இருந்தே தகவல் போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதற்குள்ளும் தாத்தா ஒரு பெயர், அப்பாயி ஒரு பெயர் என்று சண்டை. சண்டை முடிந்து பெயர் வைத்து, காதில் மூன்று தடவை கூப்பிட்டு, சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டார்கள். அந்தப் பெயரைப் போய்ப் பதிவேட்டில் எழுதச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

"பதினாலு வருஷம் அதனால என்னா கொறஞ்சு போச்சு?" என்றார் அப்பா. அவர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். ஆபீஸுக்கு அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டு வந்தது. அதில் 14-ஆவது பிரிவு, பெயர் இல்லாமல் பதிந்த குழந்தைக்குப் பிறகு பெயர் சேர்ப்பதைப் பற்றியது. பதிந்து ஒரு வருடத்துக்குள் போனால் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டணும். அதற்கும் எல்லை 15 வருடம்தான். எனக்கு வருகிற கார்த்திகையில் 15 முடிகிறது. டீச்சர் சொன்னது ஆடி மாதத்தில். விரல் விட்டு எண்ணினேன், நாலு மாதம்தான் இருந்தது.

அப்பாவிடம் எனக்காகப் பேசியது அம்மா இல்லை, அப்பாயி. அப்பாயிக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. "பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தேன்" என்று மட்டும் சொல்லும். அது 1952 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்த புயல். ஆனால் ரேஷன் கார்டில் யாரோ பத்து வயது குறைத்து எழுதிவிட்டார்கள். முதியோர் பென்ஷன் கேட்கப் போனபோது, "உங்களுக்கு இன்னும் வயசு ஆகலையே பாட்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "புயலைப் போயி சாட்சிக்குக் கூப்புட முடியுமாடா? என் கதை அவளுக்கு வேணாம். ஒரு நாள் கூலி போனா போவுது" என்றது அப்பாயி. அப்பா பதில் பேசவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார்.

முதலில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனோம். வீட்டு வரி கட்டுவது அங்கேதான். அதனால் எல்லாமே அங்கேதான் என்று நினைத்துக்கொண்டோம். அங்கே இருந்த அண்ணன் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறது கணக்கு இல்ல. புள்ள எங்க பொறந்துச்சோ அங்கதான் பதிவேடு இருக்கும். இது டவுன் ஆஸ்பத்திரி. நகராட்சிக்குப் போங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என் தம்பி பிறந்தது மயிலாடுதுறையில். அதனால் அவன் சான்றிதழ் தமிழ்நாடு, என்னுடையது புதுச்சேரி. ஒரே வீடு, ஒரே தட்டில் சாப்பாடு, ஆனால் சான்றிதழ் இரண்டு மாநிலம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளிக்கூடமுமாக இருக்கிற நம்மில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும்.

பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். பாரதியார் சாலையில் அம்மையார் கோவில் வந்தபோது அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இந்த அம்மா பேரை எந்த ஆபீஸ்ல பதிஞ்சாங்க? இன்னமும் ஊரே சொல்லலையா?" என்றார். கூலி போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். அம்மையாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் புனிதவதி. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் கல்யாணத்தில் இருந்து அவர் கதை முழுவதையும் நடத்திக் காட்டுகிறார்கள். வருடா வருடம் அத்தனை ஜனம் கூடி நினைத்தால் பெயர் மறையாதுதான். "அவங்களுக்கு ஊரே பதிவேடுப்பா. எனக்கு யாரு மாம்பழம் வீசுவாங்க?" என்றேன். அப்பா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

நகராட்சியில் கேட்டதை எழுதி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் உதவும். பெயர் இல்லாத பழைய சான்றிதழ், அப்பா அம்மா ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இன்னார் இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட சான்று, அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். கடைசி இரண்டும் எங்களிடம் இல்லை. அதனால் இன்னொரு நாளும் போக வேண்டியதாயிற்று. நீங்கள் போனால் முதலில் ஒருவர் மட்டும் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்துவிடுங்கள். கூலி மிச்சம்.

இரண்டாவது நாள் இன்னொரு சிக்கல். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு இங்கிலீஷில் 'இசட் எச்' போட்டிருக்கிறார்கள். ஆதாரில் 'எல்' போட்டிருக்கிறது. "எது சரி?" என்று அந்த அம்மா அப்பாவைக் கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். "சார், ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் மாத்தறது லேசு இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். அப்பா விண்ணப்பத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "நீயே எழுதும்மா, ஒன் பேருதானே" என்றார்.

கை கொஞ்சம் நடுங்கியது. பரீட்சைத் தாளில் எத்தனையோ தடவை எழுதிய பெயர்தான். தமிழிலும் இங்கிலீஷிலும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற மாதிரியே எழுதினேன். ஆதாரைத்தான் திருத்தணும். பிறந்தபோது தாத்தாவும் அப்பாயியும் சண்டை போட்டு வைத்த பெயரை, பதினாலு வருடம் கழித்து நானே பதிந்தேன். பத்து நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. கோடு இருந்த இடத்தில் என் பெயர். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இதானா?" என்று கேட்டது.

இப்போது உங்களுக்கான வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் சான்றிதழைப் பிரித்துப் பாருங்கள். பெயர் இருக்கிறதா? அப்பா அம்மா பெயரும் தேதியும் சரியா? எந்த ஆபீஸில் பதிந்தது என்று அதிலேயே போட்டிருக்கும். தம்பி தங்கை கைக்குழந்தையாக இருந்தால் இன்னும் கவனம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, வாக்காளர் பட்டியலில் சேர, அரசு வேலைக்கு, எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

நான் சொன்ன பிறகு எங்கள் வகுப்பில் பார்த்ததில் இன்னும் மூன்று பேருக்குப் பெயர் இல்லை. அதில் ஒருவன், அன்றைக்குப் பின்பெஞ்சில் இருந்து சத்தம் போட்டவன். நான் சிரிக்கவில்லை. என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி
(இப்போது கோடிட்ட இடம் இல்லை)